தயக்கத்தை வெல்லும் தவக்குல்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹுத்தஆலாவுக்கே புகழனைத்தும். அவனுடைய அருட்கொடையாக வந்துதித்த நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



சோதனைக் காலத்தில் மனிதனை வீழ்த்துவது சோதனை மட்டுமல்ல. அதற்கு முன்னதாகவே அவன் உள்ளத்தில் வந்து குடியேறும் இரண்டு விருந்தாளிகள் உண்டு. ஒருவன் அச்சம். மற்றவன், ‘என்னால் ஆகுமா?’ என்னும் தயக்கம். வளைகுடாவில் வேலை போய் ஊர் திரும்பிய மகன், மூன்று மாதமாக வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமல் இருக்கிறான். கணவரை இழந்த சகோதரி, கையில் தையற்கலை இருந்தும், ‘நாலு பேர் என்ன சொல்வார்களோ’ என்று மிஷினை உறை போட்டு மூடி வைத்திருக்கிறாள். கடன்பட்டவர், கடன் கொடுத்தவரைச் சந்தித்துத் தவணை கேட்க அஞ்சித் தெருவை மாற்றி நடக்கிறார். இவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர். ஈமான் இல்லாதவர்களும் அல்லர். பயந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இவர்களுக்கு மார்க்கம் என்ன சொல்கிறது என்பதையே இம்மாதம் சிந்திக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். பயம் வருவதே ஈமானின் பலவீனம் என்று சிலர் கருதுகிறார்கள். அப்படியல்ல. நபி மூஸா (அலை) அவர்களைப் பற்றித் திருமறை கூறுவதைப் பாருங்கள். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு அல்லாஹ் கட்டளையிட்டபோது, அவர்கள் தம் அச்சத்தை மறைக்கவில்லை. தம் கையால் ஓர் உயிர் போயிருக்கிறது, அதற்காகத் தம்மைக் கொன்றுவிடுவார்களோ என்று அஞ்சுவதாக முறையிட்டார்கள். தம் நாவில் தடை இருப்பதையும், சகோதரர் ஹாரூன் (அலை) தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர் என்பதையும் எடுத்துச் சொன்னார்கள். அச்சமும் தயக்கமும் சேர்ந்து நின்ற இடம் அது. அதற்காக அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. துணைக்கு ஹாரூனைக் கொடுத்தான்; இருவருடனும் தான் இருந்து கேட்டுக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருப்பதாக வாக்களித்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: போக வேண்டாம் என்று மட்டும் அவன் சொல்லவில்லை! அச்சத்தை எடுத்துச் சொல்ல அனுமதி இருந்தது. அச்சத்தைக் காரணம் காட்டி உட்கார்ந்துவிட அனுமதி இல்லை.

நம் முத்துக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. தூத்துக்குடியிலும் அதன் வடக்கும் தெற்குமுள்ள கரையூர்களிலும் முத்துக்குளிப்பு நடந்த காலம் ஒன்று இருந்தது. பரதவச் சகோதரர்களும், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் அந்தத் தொழிலில் மூழ்கி எழுந்தவர்கள். இன்றுள்ள மூச்சுக் கருவி ஏதும் அவர்களுக்குக் கிடையாது. கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து, மூச்சை அடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்துக்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் போட்டுக்கொண்டு, கயிற்றை அசைப்பார்கள். மேலே தோணியில் இருப்பவர் இழுத்துக் கரையேற்றுவார். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாக இருக்கவேண்டும் என்று கடற்கரையில் சொல்வார்கள். தன் சகோதரி தாலியிழக்க எவன்தான் சம்மதிப்பான்!

அந்த மூழ்காளிகளுக்கும் பயம் இருந்தது. சுறா பற்றிய பயம் எவ்வளவு பெரிதென்றால், சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் மந்திரக்காரர் கரையில் இல்லாவிட்டால் பலர் கடலில் இறங்கவே மறுத்தார்கள். அவர்களுக்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர். வெள்ளைக்கார அரசாங்கமே, அந்த மந்திரத்தில் நம்பிக்கை இல்லாவிட்டாலும், தொழில் நடந்தாக வேண்டுமே என்பதற்காக அவர்களை வைத்துக்கொண்டிருந்தது. இதில் நமக்கொரு படிப்பினை உண்டு. பயத்தை அல்லாஹ்விடம் கொண்டு போகாதவன், அதை யாரிடமாவது கொண்டு போய்த்தான் தீருவான். இன்றும் வியாபாரம் நொடித்தால் தாயத்துக்காரரைத் தேடியும், பிள்ளைக்கு வரன் தாமதமானால் குறிகாரரைத் தேடியும் ஓடுகிறோமே, நாமும் நமக்கொரு கடல்கட்டியை வைத்துக்கொண்டவர்கள்தாமே? அதுவும் போக, கடல்கட்டி கரையில்தான் நின்றார். கடலில் இறங்கியது மூழ்காளிதான்.

இன்னொன்றும் அந்தத் தொழிலில் உண்டு. மூழ்காளி எடுத்து வருவது சிப்பி. அதற்குள் முத்து உண்டா, இல்லையா என்று அவனுக்குத் தெரியாது. சிப்பியாகவே கரையில் ஏலம் போகும். அது அழுகிப் பிரிந்து, கழுவி எடுத்த பின்னரே முத்து எத்தனை என்று தெரியவரும். சிப்பியை எடுப்பது அடியானின் வேலை. அதனுள் முத்தை வைப்பதும் வைக்காததும் ரப்புல் ஆலமீனின் வேலை. தவக்குல் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் அறியோம்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வின் மீது பாரம் சாட்டட்டுமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டு, பிறகு பாரம் சாட்டு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்ததை நாம் அறிவோம். கயிறும் கட்டாமல், மச்சானும் இல்லாமல் கடலில் குதிப்பது தைரியம் அல்ல. தம்மைத் தாமே அழிவில் போட்டுக்கொள்வதாகும். திருமறை அதைத் தடுத்திருக்கிறது. கயிறும் மச்சானும் இருந்தும் தோணியின் விளிம்பிலேயே நாள் முழுதும் நின்றுகொண்டிருப்பது தவக்குல் அல்ல, அது கோழைத்தனம்.

இனி, நம்மைப் பற்றியே ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். பிறருக்கு உபதேசிக்கிறவர்கள் தங்கள் குறையை மறைத்துவிட்டுப் பேசுவது அழகல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையைவிட அதிகமாக ஒரே நாளில் கொட்டித் தீர்த்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை புரண்டது, சாலையும் தண்டவாளமும் அறுந்தன.

அந்த இரவில் நாம் கடலோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் இமாமாக இருந்தோம். மின்சாரம் போய்விட்டது. கைப்பேசிக்கு உயிரில்லை. முத்தவல்லி ஊரில் இல்லை. பள்ளிக்குக் கிழக்கே தாழ்ந்த பகுதியில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்தன. பெரும்பாலோர் மாற்று மதச் சகோதரர்கள். அவர்கள் வீடுகளில் தண்ணீர் இடுப்பளவு ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. பள்ளிவாசலின் மேல்தளமோ உயரமானது, அகலமானது. சாவி நம் சட்டைப் பையில் இருந்தது.

நாம் என்ன செய்தோம்? யோசித்தோம். நிர்வாகத்தைக் கேட்காமல் திறக்கலாமா? பெண்கள் வருவார்களே, மாதத் தொடக்கில் உள்ளவர்களும் இருப்பார்களே, ஷாஃபிஈ மத்ஹபில் அவர்கள் பள்ளியில் தங்குவது கூடாதே? புதிய விரிப்பு சேறாகிவிடுமே? நாளை ஜமாஅத்துக் கூட்டத்தில், ‘உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?’ என்று கேட்டால் என்ன சொல்வது? வயதிலும் இளையவர், ஊருக்கும் புதியவர். நம் சொல் எடுபடுமா? ஒவ்வொரு கேள்வியும் மார்க்கப் பேணுதல் போலவே தோன்றிற்று. அரை மணி நேரம் சென்றுவிட்டது.

அப்போது நனைந்த சாரத்தோடு ஒரு பெரியவர் படியேறி வந்தார். இளமையில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டியவர். நம் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது.

“ஆலிம்சா, தண்ணி யாருட்டயும் உத்தரவு கேட்டு வரல. நாமளும் இப்ப யாருட்டயும் கேக்க வேணாம். சாவியக் குடுங்க” என்றார்.

“காக்கா, நிர்வாகத்துல…” என்று இழுத்தோம்.

“கேட்டா என் பேரைச் சொல்லுங்க. தோணி முங்கும்போது நங்கூரம் யாரோடதுன்னு பாக்கக் கூடாது.”

சாவியைக் கொடுத்தோம். பிறகு நாமும் அவரோடு தண்ணீரில் இறங்கினோம். இறங்கிய பின் ஓர் ஆச்சரியம்! அரை மணி நேரமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பயம், முழங்காலளவு தண்ணீரில் கால் பட்டதும் காணாமல் போயிற்று. கயிற்றைப் பிடிக்கவும், குழந்தையை வாங்கவும், அடுத்த வீட்டைத் தட்டவுமே நேரம் சரியாக இருந்தது, பயப்பட நேரமில்லை. விடியும்போது மேல்தளத்தில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

ஆனால் அவர்களில் ஒரு தாய், ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வீட்டு வாசலில் இடுப்பளவு தண்ணீரில் நெடுநேரம் நின்றிருக்கிறாள். கை சோர்ந்து ஒரு பை நழுவிப் போய்விட்டது. அதில் ரேஷன் கார்டும் மகளுடைய பள்ளிச் சான்றிதழ்களும் இருந்தன. நாம் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யோசித்த அந்த அரை மணி நேரத்துக்குள் அது நடந்திருக்கலாம். காகிதங்களைப் பின்னர் அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தோம். ஆயினும், காகிதத்துக்குப் பதில் ஒரு குழந்தை நழுவியிருந்தால்? அந்தக் கேள்வி இன்றும் நம் தஹஜ்ஜுதில் வந்து நிற்கிறது.

நாம் பயந்த மஸ்அலாவின் நிலைதான் என்ன? அதை நாம் கிதாபில் ஓதியிருக்கிறோம். மாணவர்களுக்கும் ஓதிக் கொடுத்திருக்கிறோம். நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. உயிர் போகும் நிலையில் தொடக்குள்ள பெண் பள்ளியில் ஒதுங்குவதைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. மாற்று மதத்தார் விஷயத்திலோ, நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியிலேயே முன்மாதிரி இருக்கிறது. துமாமா இப்னு உஸால், இஸ்லாத்தைத் தழுவுமுன் அப்பள்ளியின் தூணருகில் வைக்கப்பட்டிருந்தார். தாயிஃபிலிருந்து வந்த ஸகீஃப் கூட்டத்தார் பள்ளியில் தங்க வைக்கப்பட்டார்கள். ஆக, நமக்கு இல்லாமலிருந்தது இல்ம் அல்ல. அதன்படி எழுந்து நிற்கும் துணிவுதான். பயம் பேணுதலின் ஜிப்பாவை அணிந்து வந்தது. நாம் அதற்கு ஸலாம் சொல்லி உட்கார வைத்துவிட்டோம்.

அந்த வெள்ளத்தில் நம்மைவிட விரைந்து எழுந்தவர்கள் பலர். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசலைத் திறந்து இந்துக் குடும்பங்களைத் தங்க வைத்து உணவளித்தார்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னை சென்ற ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கியபோது, பக்கத்துப் புதுக்குடி மக்கள் தாங்களும் வெள்ளத்தில் இருந்துகொண்டே, தங்களிடம் இருந்ததைச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கும் நாளைய அரிசியைப் பற்றிய அச்சம் இருந்திருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். நன்மையை யார் செய்தாலும் அதிலிருந்து பாடம் படிப்பது முஃமினின் பண்பு.

‘துணிந்து இறங்கினேன், ஆனால் தோற்றுப் போனேனே’ என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்காக நம் ஊர்ச் சரித்திரத்தின் ஒரு பக்கத்தைத் திறப்போம். 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் சுதேசி நாவாய்ச் சங்கம் என்னும் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார்கள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழியில் அன்று வெள்ளையரின் கம்பெனி வைத்ததுதான் சட்டம். அரசாங்கமும் அவர்கள் பக்கம். அந்த நேரத்தில் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வணிகர் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, வாங்கினார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு! ‘இது ஓடுமா, முழுகுமா’ என்று ஊரே வாய் பார்த்திருக்கும்போது எடுத்து வைத்த பணம் அது. 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் கொண்டே போயிற்று. 1908இல் வ.உ.சி. சிறை சென்றார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது.

தோல்விதானே என்று கேட்கலாம். கணக்குப் புத்தகத்தில் தோல்விதான். ஆனால், நம்மவராலும் கடலில் கப்பல் விட முடியும் என்பதை ஒரு தலைமுறை கண்ணால் கண்டுவிட்டது. இன்று தூத்துக்குடித் துறைமுகம் வ.உ.சிதம்பரனார் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர்கள் மூழ்கிச் சிப்பியை எடுத்தார்கள். முத்து பிந்தி வந்தது.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஆளரவமற்ற பாலை, தோற்பையில் நீர் தீர்ந்துவிட்டது, கைக்குழந்தை தாகத்தால் துடிக்கிறது. அந்தத் தாய்க்குப் பயமில்லாமல் இருந்திருக்குமா? ஆனால் அவர்கள் உட்கார்ந்து அழவில்லை. ஸஃபாவில் ஏறினார்கள், மர்வாவுக்கு ஓடினார்கள்; இப்படி ஏழு முறை. ஸம்ஸம் ஊற்று ஸஃபாவில் பொங்கவில்லை, மர்வாவிலும் பொங்கவில்லை. குழந்தை கிடந்த இடத்தில் பொங்கிற்று. அப்படியானால் ஓடியது வீணா? இல்லை! கிடைத்த தண்ணீருக்கு அடையாளமாக மட்டுமல்ல, தண்ணீர் கிடைக்காத அந்த ஓட்டத்தையே அல்லாஹ் ஹஜ்ஜிலும் உம்ராவிலும் கடமையாக்கி வைத்தான். முயற்சி பலன் தராத இடத்திலும் முயன்றவரின் பாதச்சுவடு அல்லாஹ்விடம் மதிப்புடையது.

அருமை நண்பர்களே! அச்சமும் தயக்கமும் வரும்போது செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, துஆ. நாயகம் (ஸல்) அவர்கள் கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கடன் சுமை ஆகியவற்றிலிருந்து பாதுகாப்புத் தேடி வந்தார்கள். இயலாமையையும் கோழைத்தனத்தையும் கவலையோடும் கடனோடும் சேர்த்துச் சொன்னதைக் கவனியுங்கள். ஒன்று மற்றொன்றை அழைத்துக்கொண்டு வரும். காலையும் மாலையும் அந்த துஆவை வீட்டிலுள்ள எல்லோரும் ஓதுங்கள்.

இரண்டாவது, ஆலோசனை, பிறகு உறுதி. திருமறை, ஆலோசனை செய்யுமாறும், முடிவெடுத்தபின் அல்லாஹ்வின் மீது பாரம் சாட்டுமாறும் வரிசைப்படுத்திச் சொல்கிறது. உஹதுப் போருக்கு முன் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கலந்தார்கள். கவசம் அணிந்த பிறகு தோழர்கள் மனம் மாறித் தயங்கியபோது, கவசம் அணிந்த நபி அதைப் போரின்றிக் கழற்றுவது தகாது என்ற கருத்தில் உறுதியாக நின்றார்கள். சிலர் இஸ்திகாரா தொழுதுகொண்டே ஓராண்டைக் கழிக்கிறார்கள். இஸ்திகாரா புறப்படுவதற்காக, புறப்படாமல் இருப்பதற்காக அல்ல.

மூன்றாவது, இன்று செய்யக்கூடிய ஒன்றை இன்றே செய்வது. பயனுள்ளதில் முயற்சி கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாக ஆகிவிடாதே என்ற கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. ‘அப்படிச் செய்திருந்தால்’ என்ற பேச்சு ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறக்கும் என்றும் அதிலேயே வருகிறது. பத்துத் துணி தைக்க வேண்டாம். ஒரு துணி தையுங்கள். கடன் முழுவதையும் தீர்க்க வேண்டாம். கடன் கொடுத்தவரின் வாசலுக்குப் போய் ஸலாம் சொல்லுங்கள்.

நான்காவது, பிறருக்குக் கயிறு பிடிப்பது. முதல் வஹீ வந்து நாயகம் (ஸல்) அவர்கள் நடுங்கியபடி வீடு திரும்பியபோது, அன்னை கதீஜா (ரலி) அவர்கள் போர்வையைப் போர்த்திவிட்டார்கள். பிறகு, உறவைப் பேணியது, பிறர் சுமையைச் சுமந்தது, விருந்தினரை உபசரித்தது என்று அவர்கள் செய்த நன்மைகளையே எடுத்துச் சொல்லி, அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான் என்று தேற்றினார்கள். தயங்கி நிற்பவரிடம் அவர் தோல்விகளை எண்ணிக் காட்டாதீர்கள். அல்லாஹ் அவர் மூலம் நடத்திய நன்மைகளை எண்ணிக் காட்டுங்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மகனிடம், “உன் வயசுல நான்…” என்று தொடங்கும் வாப்பாமார்களும், “உன்னால எங்க ஆகப் போவுது” என்று பெருமூச்சு விடும் உம்மாமார்களும் இதைச் சிந்திக்க வேண்டும். நீங்கள் கயிற்றைப் பிடிக்கிறீர்களா, அறுக்கிறீர்களா?

வெள்ளம் வடிந்தபின் ஜமாஅத்துக் கூட்டம் நடந்தது. விரிப்பைப் பற்றி ஒருவர் கேட்டார். பெரியவர் எழுந்து, “கழுவியாச்சு, காய்ஞ்சாச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்! நாம் அரை மணி நேரம் அஞ்சி நடுங்கிய கூட்டம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நாம் அஞ்சுபவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான். அதன்பிறகு மேல்தளத்தின் சாவி ஒன்று பள்ளிக்கு அடுத்த வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும் என்று அந்தக் கூட்டமே முடிவு செய்தது. இரவில் வெள்ளம் வந்தால் எந்த இமாமும் நம்மைப்போல் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

யா அல்லாஹ்! எங்கள் அச்சத்தை உன்னிடமே முறையிடுகிறோம். மூஸாவுக்கு ஹாரூனைத் துணையாக்கியதுபோல் எங்களுக்கும் நல்ல துணைகளைத் தருவாயாக! எங்கள் கையிலுள்ள சாவிகளை உரிய நேரத்தில் திறக்கும் துணிவைத் தருவாயாக! நாங்கள் பிந்திய நேரங்களுக்காக எங்களை மன்னிப்பாயாக! எடுப்பது எங்கள் வேலை, கொடுப்பது உன் வேலை என்ற உறுதியில் எங்களை வாழவைத்து, அதிலேயே மரணிக்கச் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.